நடுவில் இருக்கும் மூட்டைகள்

பதினொன்று வரை எண்ணியிருந்தபோதுதான் அது கத்தியது. கோகிலவாணி பென்சில் முனையால் காற்றிலேயே ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டு, அண்ணாந்து, தரையிலிருந்து மேல்வரிசை வரை உயரத்தில் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வந்தாள், பதினொன்று, அப்புறம் ஒரு கீச்சுக்குரல், மியா என்று முழுதாகக்கூட வராமல் பாதியில் அறுந்துபோன குரல், மஞ்சள் மூட்டைகளுக்கு உள்ளேயிருந்து. பன்னிரண்டு என்று சொல்ல வேண்டிய வாய் அப்படியே நின்றுவிட்டது. பூனை. சரி, பூனைதானே, குடோன் என்றால் பூனை இருக்காதா, அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே போன ஐப்பசியில் ஒன்று குட்டி போட்டது, இதற்கெல்லாம் யாராவது எண்ணிக்கையை விடுவார்களா. மறுபடி முதலிலிருந்து. ஒன்று, இரண்டு. மார்ச் முப்பத்தொன்று, கணக்கு வருஷத்தின் கடைசி நாள், ஈரோட்டு வெயில் தகரக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களை வேகவைத்துக்கொண்டிருந்தது. மூக்கு, தொண்டை, முந்தானை எல்லாம் மஞ்சள் தூசு. விவசாயிகள் விலை ஏறட்டும் என்று கொண்டுவந்து போட்டுவைக்கிற மஞ்சள், சென்னியப்பன் குடோன், அதில் இருக்க வேண்டிய சரக்கு இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவது ஆடிட்டரான கோகிலவாணியின் வேலை. நீளத்தில் இருபது மூட்டை, அகலத்தில் பன்னிரண்டு, உயரத்தில் பதினாலு இருக்க வேண்டும், பெருக்கினால் இந்த அட்டியின் கணக்கு வந்துவிடும். சுவர் எழுப்பின மாதிரி நெருக்கி அடுக்கின மூட்டை அடுக்கைத்தான் இங்கே அட்டி என்பார்கள். வெளியே தெரிகிற மூட்டைகளைத்தான் மனுஷக் கண்ணால் எண்ண முடியும், உள்ளே இருப்பதைப் பெருக்கல் எண்ணிவிடும். ஏழு, எட்டு. பெருக்கல் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பத்து, பதினொன்று. மறுபடி கத்தியது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம், வேறொன்றுமில்லை. அட்டியை வெறுந்தரையில் போடமாட்டார்கள், ஈரம் ஏறிவிடும், கீழே மரச்சட்டம் போட்டு அதன்மேல்தான் அடுக்குவார்கள், சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருக்கும், பூனை அதில் தாராளமாகப் போகும், வரும், குட்டி போடும், குடும்பமே நடத்தும். ஆகவே கீழே. கோகிலவாணி குனிந்து சந்துக்குள் கண்ணை விட்டுப் பார்த்தாள். இருட்டு, ஒட்டடை, ஒரு பீடித்துண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். கத்தியது. கீழே இல்லை. குனிந்திருந்த அவள் தலைக்கு மேலே எங்கோ, நிமிர்ந்து நின்றால் நெஞ்சு உயரம் இருக்கும். அந்த இடத்தில் ஒரு மூட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு மூட்டை, அதற்கும் பின்னால் பெருக்கல் சொல்கிறபடி மூட்டை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மூட்டை, மூட்டைக்குள்ளா பூனை குட்டி போடும்? காதைச் சாக்கோடு சேர்த்து வைத்தாள், நார் கன்னத்தில் குத்தியது. இருக்கட்டும், சத்தம் எப்படி வேண்டுமானாலும் சுற்றி வரும், கீழே கத்தினது மேலே கேட்கும், மண்டபத்தில் பாடுகிறவர் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் கேட்பதில்லையா. காற்று போக நடுவில் கொஞ்சம் சந்து விட்டிருக்கலாம். பூச்சி மருந்து வைக்க வழி விட்டிருக்கலாம். அடுக்கும்போது ஒரு மூட்டை சரிந்து பொந்து விழுந்திருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், சென்னியப்பனிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் அவருக்காக அவளே வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு போகிறாள், அது புரிந்ததும் காதைச் சாக்கிலிருந்து எடுத்தாள். இத்தனை வருஷத் தொழிலில் எத்தனை முதலாளிகள் எதிரே உட்கார்ந்து இப்படி லாம் லாம் என்று இழுத்ததைப் பார்த்திருக்கிறாள். இழுக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது இழுப்பது அவள்.

ஆடிட்டர் என்றால் என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது, அவள் வீட்டுக்காரருக்கே தெரியாது, கல்யாணமான புதிதில் இவ கூட்டல் கழித்தல்ல புலி என்றுதான் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாதிப் பேருக்கு ஆடிட்டர் என்றால் வரியைக் குறைத்துத் தருகிறவள். மீதிப் பேருக்குத் திருடனைப் பிடிக்கிறவள், கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் எங்கே எது களவு போயிருக்கிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுகிறவள். இரண்டும் நான் இல்லைங்க என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்க்க மாட்டோம், அங்கொன்று இங்கொன்று எடுத்துப் பார்ப்போம், சந்தையில் வெண்டைக்காயை நாலு ஒடித்துப் பார்த்துவிட்டுக் கூடையை வாங்குகிறீர்களே அந்த மாதிரி, பார்த்த அளவில் சரியாக இருக்கிறது என்று எங்கள் கருத்தைச் சொல்வோம், அவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு என்ன தன்னடக்கம் பாருங்கள் என்றார்கள். அப்புறம் விளக்குவதை விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அந்த மரியாதை சுகமாகவும் இருந்தது, கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி, பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிற ஆள், யாருக்குத்தான் கசக்கும். சென்னியப்பன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவள் கையெழுத்துப் போட்ட போன வருஷத்து அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் அதற்கும் உண்டு. மஞ்சள் கொண்டுவந்து போடுகிற விவசாயிகள் உள்ளே வந்ததும் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள். அதில் இருப்பது இங்கிலீஷ், அவர்கள் படிப்பது முத்திரையை. எங்கள் கருத்தில், எங்களுக்குத் தரப்பட்ட விளக்கங்களின்படி, என்று அறிக்கை தொடங்குகிற வரிமேல்தான் குங்குமம் அப்பியிருக்கும். இன்று காலை உள்ளே நுழைந்தபோது அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தக் குங்குமம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை.

"ஏனுங்கம்மா, நீங்க ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு எண்ணுவீங்களாமா? கை நோவாதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டதும் கோகிலவாணி திடுக்கிட்டுத் திரும்பினாள். அட்டியைச் சுற்றியிருந்த நடைவழியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் பொத்தான் இல்லாத ஒரு துணிப்பை. மயிலாத்தாளாம். சிவகிரிப் பக்கம் தோட்டமாம். வீட்டுக்காரர் தவறின பிறகு தனியாளாக நின்று விளைவித்த இரண்டு போகத்து மஞ்சளும் மூன்று வருஷமாக இங்கேதான் கிடக்கிறதாம், விலை ஏறினால் விற்றுப் புதுசாக போர் போட வேண்டும், பழைய போர் பங்குனி பிறந்ததுமே காற்றைத் துப்புகிறதாம், தென்னை எல்லாம் மட்டை தொங்கிக் கிடக்கிறதாம். இதையெல்லாம் கோகிலவாணி கேட்கவில்லை, அவளே சொன்னாள், ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்ததும் வேறு ஊர் வலியையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் மாதிரி சொன்னாள். "பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொன்னாங்க, கவர்மெண்டு கமிட்டிலயே கொண்டுபோயிப் போடு, தனியார்கிட்டப் போடாதேன்னு. நாந்தான் சொன்னேனுங்க, இங்க ஆடிட்டரம்மா வந்து வருசா வருசம் ஒண்ணு விடாம எண்ணிப்போட்டுப் போறாங்க, அப்பறம் என்ன பயம்னு. ராத்திரி படுத்தா அதைத்தானுங்க நெனச்சுக்குவேன், அந்தம்மா எண்ணி வெச்சிருக்குது, தூங்கலாம்னு." கோகிலவாணி ம் என்றாள். அந்த ம்மை என்னவென்று எடுத்துக்கொள்வது, நன்றி என்றா, ஆமாம் என்றா, வேண்டாம் தாயே என்னை நம்பித் தூங்காதே என்றா? தூங்குவதற்காக நான் எண்ணவில்லை. நான் பெருக்கினேன். மூன்று வருஷமாக இந்த அட்டி யாரும் தொடாத அட்டியாகக் கிடக்கிறது, மூன்று வருஷமும் இதே இடத்தில் நின்று இதே பென்சிலால் காற்றைத் தொட்டிருக்கிறேன், ஓரத்து மூட்டைகளில் நாலைந்தைக் குத்தூசியால் குத்தி உள்ளே மஞ்சள்தானா என்று விரலில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஓரம், ஓரம், ஓரம். "எம்பட மூட்டைல பச்சைச் சாயத்துல வேல் போட்டிருக்குமுங்க," என்றாள் மயிலாத்தாள், "வெளியால ஒண்ணுகூடக் காணோம். முதலாளியக் கேட்டா, உன்னுது நடுவால பத்தரமா இருக்குதுங்கறாரு."

நடுவால. கோகிலவாணி ஒரு மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டாள். ஜம்புலிங்கம் நினைவுக்கு வந்தார். இந்த நேரத்தில் அவர் வரக்கூடாது, ஆனால் வந்தார், வேறு ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆடிட்டர், நல்ல மனுஷன், எட்டுமுழ வேட்டியும் வெற்றிலைப் பெட்டியுமாகக் கருத்தரங்குக்கு வருவார், கம்பெனி ஒருநாள் காலையில் திறக்கவில்லை. ஜனங்கள் முதலாளி வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், பூட்டு. நேரே ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கோகிலவாணி துக்கம் விசாரிக்கிற மாதிரி மறுநாள் போயிருந்தாள், கேட் ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது, துளசி மாடத்தில் யாரோ செருப்பைப் போட்டிருந்தார்கள். அவர் கதவிடுக்கில் நின்று, அம்மா, நான் என் கருத்தைத்தான் சொன்னேன், உத்தரவாதம் சொல்லவில்லை, என்று அப்போதும் வாசலில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பூ விற்கிற பெண் ஒருத்தி எழுந்து, "உன் கருத்தை யாருய்யா கேட்டா? பாத்தியா, பாக்கலியா?" என்றாள். பார்த்தேன் என்றால் கூட்டாளி, பார்க்கவில்லை என்றால் ஏமாற்றுக்காரன். எத்தனை தரம் அந்தக் கேள்விக்குத் தானாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்திருக்கிறாள், பதில் கிடைத்ததே இல்லை, கிடைக்காமலே தூங்கிப்போயிருக்கிறாள். தொழில் விதிகளின்படி அவர்மேல் தப்பில்லை என்றுதான் பின்னால் முடிவானது. அதற்குள் அவர் மகள் வீட்டோடு போய்விட்டார், வெற்றிலை போடுவதையும் விட்டுவிட்டாராம். நாளைக்கு என் கேட்டையும் ஆட்டுவார்கள். மயிலாத்தாள் ஆட்டுவாளா? ஆட்டமாட்டாள், அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பாள், அதுதான் இன்னும் பயம்.

எண்ணிக்கையை எழுதிவிட்டுப் போய்விடலாம். அதுவும் தோன்றியது, தோன்றவில்லை என்று சொன்னால் பொய். வருஷா வருஷம் செய்ததைத்தான் இந்த வருஷமும் செய்தேன், பூனை கத்தினால் அட்டியைப் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, பூனை கத்தியதை எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பார்கள். சென்னியப்பன் கெட்டவர் இல்லை. அவள் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் விழுந்தபோது கார் அனுப்பியவர், கேட்காமல் அனுப்பியவர். அந்தக் கார் இப்போது நெஞ்சுக்குள் வந்து குறுக்கே நிற்கிறது. அவ்வளவு நல்ல மனுஷன் நடுவில் இருந்ததை எடுத்து விற்றுவிட்டு, அறுவடைச் சமயத்தில் மலிவாக வாங்கி நிரப்பிக்கொள்ளலாம், அதற்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பாரா? நினைத்திருப்பார். நல்ல மனுஷர்கள்தான் நிரப்பிவிடலாம் என்று நினைப்பார்கள். சரி, ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏறினால். அந்தச் சொல் வந்ததுமே ஏணி, உயரம், பொருட்காட்சி. பத்து வயதில் அப்பா ராட்டினத்தில் ஏற்றிவிட்டார், அவள் மாட்டேன் என்றாள், நான் பாத்துட்டேன் கண்ணு, கெட்டியா இருக்குது, ஏறு என்றார். அவள் பெட்டி உச்சிக்குப் போனபோது கரண்ட் போய்விட்டது. கீழே ஊர் முழுக்க இருட்டு, பெட்டி மட்டும் காற்றில் கிறீச் கிறீச் என்று ஆடியது, கம்பியைப் பிடித்த கையில் துரு ஒட்டியது, அப்பா கீழேயிருந்து பாத்துட்டுத்தான் கண்ணு ஏத்தினேன், ஒண்ணும் ஆவாது என்று கத்திக்கொண்டே இருந்தார். வெகுகாலம் கழித்து ஒருநாள் கேட்டாள், அன்றைக்கு என்னப்பா பார்த்தீர்கள் என்று. அவர் யோசித்துவிட்டு, என்னத்தைப் பாக்கறது, மத்த கொழந்தைங்க எல்லாம் ஏறுச்சுங்களே, அதைத்தான் பாத்தேன் என்றார். அதற்கப்புறம் அவள் ராட்டினம் ஏறவில்லை, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போகவில்லை. ஏணியில் கால் வைத்ததில்லை.

"பூனை கத்துதாட்ட இருக்குதுங்களே," என்றாள் மயிலாத்தாள், காதைத் திருப்பிக்கொண்டு. "குட்டி போட்டிருக்குமாட்ட. பாவம், மூட்டை இடுக்குல மாட்டிக்கிச்சோ என்னமோ." மாட்டிக்கொள்ள அங்கே இடுக்கு ஏது என்று அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றாது, எண்ணுகிற வேலையை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டவளுக்கு ஏன் தோன்ற வேண்டும். நடைவழியின் முனையில் செருப்புச் சத்தம், சென்னியப்பன் வந்தார், வெள்ளை வேட்டி, ஒரு கையில் சீவின இளநீர், வருஷா வருஷம் கொண்டுவருகிற அதே இளநீர். "எளநி குடிச்சுப்போட்டு எண்ணுங்க மேடம், அட்டி எங்கயும் ஓடிப்போயிராது," என்று சிரித்தார், சிரித்த வாயோடே, "பூனைங்களா, அது கீழ சட்டத்துக்குள்ள பூந்துட்டு ரெண்டு நாளா கத்துதுங்க, சாயங்காலம் பசங்களை உட்டு எடுத்துர்லாம்," என்றார். பூனையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மயிலாத்தாள் பேசியது அவர் வருவதற்கு முன்பு. கோகிலவாணி இளநீரை வாங்கிக்கொண்டாள், உறிஞ்சினாள், இனிப்பா உப்பா என்று தெரியாமல் தொண்டையில் இறங்கியது, இறங்கும்போதே, "ஏணி இருக்குங்களா?" என்ற குரல் கேட்டது. யாருடைய குரல் என்று பார்த்தாள். அவளுடையதுதான்.

சென்னியப்பன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. ரொம்ப அக்கறையாக, வீட்டு மனுஷியிடம் பேசுகிற மாதிரி, "எதுக்குங்க மேடம் ஏணியெல்லாம்? உங்களுக்குத்தான் ஒசரம்னா தலை சுத்துமே," என்றார். ஆமாம், தலை சுற்றும். அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னவள் அவளே. நாலு வருஷம் முன்னால் கூரை மாற்றினபோது, மேல வந்து பாருங்க மேடம், ஊரே தெரியுது என்று கூப்பிட்டார், எனக்கு உயரம் ஆகாதுங்க, ஏணியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள், ராட்டினக் கதையைக்கூடச் சொன்னாள், அவரும் கேட்டுச் சிரித்தார். அதற்கு அடுத்த வருஷம் போட்டதுதான் இந்த அட்டி. வெளிச்சுவருக்கு மஞ்சள், நடுவுக்கு என்னுடைய பயம். அதை நம்பித்தான் அடுக்கியிருக்கிறார். இந்த ஊரில் என் கையெழுத்தை நம்புகிறவர்கள் எத்தனையோ பேர், என் பயத்தை நம்பியவர் இவர் ஒருவர்தான், அவர் கணக்குத்தான் சரியாக இருக்கிறது. இல்லை, சும்மா கற்பனை, ஒரு நல்ல மனுஷனைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்கிறேனே, வெயில், இரத்த அழுத்தம், காலையில் இட்லி சாப்பிடாமல் வந்தது. ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று இறங்கி, மன்னிப்புக் கேட்டுவிடலாம். சரியாக இருக்கட்டும், முருகா, சரியாக இருக்கட்டும். "நான் கொண்டாரனுங்க," என்று மயிலாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியைத் தூக்கிவந்துவிட்டாள், தூக்கும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. "பாத்தீங்களா முதலாளி, மேல ஏறியும் எண்ணுவாங்க."

முதல் படி. ஏணி வளைந்து கொடுத்தது. கண்ணை மூடாதே, மூடினால் பொருட்காட்சி. சாக்கைப் பார், சாக்கில் தைத்த சணலைப் பார், ஒரு தையல், அடுத்த தையல், அடுத்த மூட்டை. கை வேர்த்து மூங்கிலில் வழுக்கியது. கீழேயிருந்து சென்னியப்பன் என்னவோ சொன்னார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், லோடுமேன்களை வரச்சொல்கிறேன், உங்களுக்கு ஒண்ணுன்னா நான் உங்க வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது. அந்தக் குரலில் நிஜமாகவே கவலை இருந்தது, அதனால்தான் இறங்கிவிடலாம் என்றிருந்தது. இறங்கினால் இளநீர் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, பெருக்கல் இருக்கிறது. ஏழாவது மூட்டையோ எட்டாவதோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் மூட்டை மூட்டையாகத் தொட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் எண்ணவில்லை. மேலே வந்ததும் அட்டியின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். கூரை முதுகில் அனலாக அடித்தது. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டைகள், மட்டமாக, ஒழுங்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, பாய் விரித்த மாதிரி. ஒரு பள்ளம் இல்லை, ஒரு இடைவெளி இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சரியாகத்தான் இருக்கிறது. இத்தனை நேரம் நான் பட்ட பாடு. "இருக்குதுங்களாம்மா?" என்று கீழேயிருந்து மயிலாத்தாள் கேட்டாள். இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள், அப்போது அது கத்தியது, முன்னைவிடத் தெளிவாக, இவளுக்கு முன்னால், கீழே, ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி எதிரொலியோடு.

எழுந்து நிற்க முடியாது. நாலு காலில் தவழ்ந்தாள், ஐம்பத்திரண்டு வயது, சேலை முழங்காலில் மாட்டி மாட்டி இழுத்தது. ஒரு மூட்டை, கெட்டி. அடுத்தது, கெட்டி. சாக்குக்குள் இருந்த விரலி மஞ்சள் உள்ளங்கையில் நெருடியது. அடுத்தது, கை வைத்ததும் மூட்டை கொஞ்சம் இறங்கி மறுபடி மேலே வந்தது, அடியிலிருந்து டொம் என்று ஒரு சத்தம். அவள் உறைந்தாள். இன்னொரு கையை எங்கே வைப்பது, முன்னாலா பின்னாலா, எடை எந்தக் கையில் இருக்கிறது, மூச்சு விட்டால் எடை கூடுமா. "பச்சைச் சாயமுங்க," என்று மயிலாத்தாளின் குரல் கீழேயிருந்து வந்தது, "வேல் போட்டிருக்கும், நடுவாலதான் இருக்குமாம். ஏறினதே ஏறுனீங்க, எம்பட மூட்டையும் ஒரு பார்வை பாத்துருங்கம்மா." கோகிலவாணி பார்த்தாள். பச்சை எங்கும் இல்லை. வேல் எங்கும் இல்லை. பார்க்கத்தானே வந்தாய், இன்னும் ஒரு மூட்டை முன்னால் போய்ப் பார், அதோ இரண்டு மூட்டைக்கு நடுவில் விரல் நுழைகிற சந்து, அதில் கண்ணை வைத்தால் போதும். வலது கையைத் தூக்கி முன்னால் வைத்தாள். அடியில் ஏதோ முனகியது, பூனை இல்லை.

"நடுவால போகாதீங்கம்மா!" என்று சென்னியப்பன் அலறினார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து கோகிலவாணி கேட்டதில்லை, பயந்துபோன மனுஷனின் குரல், அவளுக்காக மட்டுமே பயந்த குரல். "பலகை தாங்காது! அப்படியே பின்னால வாங்க, பலகை தாங்காதுங்க!"

அப்படியானால் மூட்டைக்கு அடியில் மூட்டை இல்லை, பலகை, அதற்கும் அடியில் வெறும் பொந்து. கோகிலவாணி மூட்டைமேல் இரண்டு கையையும் ஊன்றியபடி அசையாமல் இருந்தாள், நெற்றி வேர்வை மூக்கில் வழிந்து சாக்கில் சொட்டியது. தைரியத்தைத் திரட்டி விளிம்புவரை பின்னால் ஊர்ந்து, தலையைத் திருப்பிக் கீழே பார்த்தாள், அவ்வளவு ஆழம், எல்லாம் சுற்றியது, சுற்றினதில் நடுவே ஒரு முகம் மட்டும் நின்றது. மயிலாத்தாள் துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பலகைங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற சென்னியப்பனைப் பார்த்துக் கேட்கவில்லை. அண்ணாந்து, மேலே இருந்தவளைத்தான் கேட்டாள். வருஷா வருஷம் எண்ணியது அவள்தானே.